தோளில் இருக்கும் தழும்பு என்ன சொல்கிறது?

பல்லடம் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் அறுபதை நெருங்கும் ஒரு கட்டிங் மாஸ்டர் கையைப் பாருங்க. வட்டமாக, கொஞ்சம் அமுங்கின மாதிரி ஒன்றிரண்டு தழும்பு இருக்கலாம். அது பெரியம்மைக்கு ‘அம்மை குத்தினது’. அதே கம்பெனியில் இருபத்தைந்து வயசு டெய்லருக்கு இடது தோளில் மட்டும் ஒரு சின்னத் தழும்பு. அது காசநோய்க்கான பிசிஜி. அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தாலும் பெரும்பாலும் அதே இடது தோள்தான். கணக்கெடுக்க வருகிறவர்கள் சுலபமாகப் பார்க்கட்டும் என்றுதான் நாடு முழுக்க ஒரே இடத்தில் போடும் வழக்கம் வந்தது.

இன்றைக்கு ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலே ‘சைடு எஃபெக்ட்’ என்று பதறுகிறோம். ஆனால் பெரியம்மைத் தடுப்பூசியில் கொப்புளம் வந்தால்தான் ஊசி ‘பிடிச்சிருக்கு’ என்று அர்த்தம். வரவில்லை என்றால் மறுபடியும் குத்துவார்கள்.

ஆரம்ப காலத்தில் அந்தக் கொப்புளம்தான் மருந்தே. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயசுக் குழந்தைக்குத்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்து பிடித்தது. ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பின கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். கை விட்டுக் கை மாறித்தான் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. சனங்கள் மறுத்ததற்கு மாரியம்மன் மேல் இருந்த பக்தியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். வேறு வீட்டுப் பிள்ளையின், வேறு சாதிக்காரரின் உடம்பு நீர் என்ற தயக்கமும் இருந்தது. தன் பிள்ளையின் புண்ணைக் கீறி நீர் எடுப்பதை எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? இந்த முறையில் வேறு நோய்கள் தொற்றிய சம்பவங்களும் உண்டு. பிற்பாடு கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் முறை வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

பிசிஜி கதை 1948இல் தொடங்குகிறது. மதனப்பள்ளியில் ஊசி போட ஆரம்பித்தார்கள். கிண்டியில் மருந்து தயாரிக்க ஆய்வகம் வந்தது. பிறகு குழுக்கள் ஊர் ஊராகப் போயின. முதலில் தோலில் ஒரு சோதனை ஊசி, மூன்று நாள் கழித்து அதைப் பார்த்துவிட்டுப் பிசிஜி, அப்புறம் அடுத்த ஊர். இந்த ஊசிக்குப் புண் வருவதோ வாரங்கள் கழித்துத்தான். அது உடைந்து சீழ் வரும்போது ‘இது இப்படித்தான் ஆகும், பயப்படாதீங்க’ என்று சொல்ல, ஊசி போட்ட குழு அந்த ஊரில் இருக்காது.

1955இல் ராஜாஜி பிசிஜியை வெளிப்படையாக எதிர்த்தார். உயிருள்ள கிருமியை நல்லா இருக்கிற பிள்ளைகளுக்கு ஏன் கூட்டம் கூட்டமாகச் செலுத்த வேண்டும், பலன் நிரூபணமாகிவிட்டதா என்பது அவருடைய கேள்வி. மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் தடுப்பூசிக்காக வாதாடினார். பயத்துக்கு ஒரு பின்னணியும் இருந்தது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் பிசிஜி மருந்தில் நிஜமான காசநோய்க் கிருமி கலந்துபோய், 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

பலன் பற்றிய கேள்விக்குப் பதில் நம்ம ஊரிலேயே தேடப்பட்டது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப் பெரிய பிசிஜி பரிசோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ராஜாஜி கேட்ட கேள்விகளில் ஒன்றாவது வெறும் பிடிவாதம் இல்லை என்று இன்று சொல்ல முடியும். அதற்காக ஊசியே வீண் என்று முடிவு கட்டினாலும் தப்பு. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் மாதிரியான கொடிய வகைகளுக்கு எதிராக அது பாதுகாப்புத் தருகிறது. பிறந்தவுடன் போடுவது அதனால்தான்.

இதில் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் சின்னக் கட்டி வரும், ஐந்தாறு வாரத்தில் பெரிதாகி உடையும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஆறித் தழும்பாகும். பிதுக்கவோ மஞ்சள் பத்து போடவோ வேண்டாம். அக்குளில் நெறி கட்டிச் சீழ் பிடித்தாலோ, புண் ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்டணும். தழும்பே வரவில்லை என்றால்? மறுபடி ஊசி தேவையில்லை. தழும்பு இல்லாததால் பாதுகாப்பும் இல்லை என்று ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மதனப்பள்ளி தொடங்கி ஊர் ஊராகப் போன குழுக்கள் விட்டுப்போனது இந்த நாலு வரிதான். அதைச் சொல்ல இன்று ஊருக்கு ஊர் சுகாதாரச் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஊசி போட்ட கையோடு கேட்டுக்கொண்டு வாங்க. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அம்மை குத்தின நாளில் என்ன நடந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகம் அறிவித்துவிட்டது. அந்தத் தழும்போடு இருப்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.