பரோடாவில் அறை தேடிய பாபாசாகேப்

ஜூன், ஜூலை வந்தால் எங்களுக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, எங்கே தங்குவது? அரசு விடுதியா, கல்லூரி விடுதியா, நாலு பேர் சேர்ந்து வெளியே அறை எடுப்பதா? வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவோம். ஆனால் வீட்டுக்காரர் "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்று கேட்கும்போது அந்தக் கணக்கு உதவாது. அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது தோழர்களே.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி. அங்கே சாப்பாடு பிடிக்கவில்லை. சில நாளில் இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார், பிறகு லிவிங்ஸ்டன் ஹாலுக்கு. அங்கே அறைத்தோழர் நவல் பதேனா என்ற பார்சி. அந்த நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது. மெஸ் சரியில்லை என்று விடுதி மாறுவது நம் பிள்ளைகள் சொல்லும் அதே காரணம்தான். ஆனால் பிடிக்கவில்லை என்று மாறிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கடல் கடந்த பிறகுதான் கிடைத்தது.

1917இல் நாடு திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணிக்குப் போனார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று தெரியும். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவு செய்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த மாடியில் அவர் ஒருவர் மட்டும். பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் கையில் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும். தெரிந்த இருவரிடம் போனார். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு 9 மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். நியூயார்க்கில் ஒரு பார்சியோடு ஒரே அறையில் இருந்தவருக்கு நடந்தது இது. 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவரே எழுதியிருக்கிறார், ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதனால்தான் 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் முதல் வேலைகளில் ஒன்று, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி. கோலாப்பூரில் சாகு மகராஜ் 1908லேயே நம் பிள்ளைகளுக்கு விடுதி திறந்திருந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியும் விடுதியோடு சேர்ந்தே வளர்ந்தது. படுக்க இடம் இல்லாவிட்டால் பள்ளி இருந்தும் பயனில்லை என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தனி விடுதி பிரிவினையை வளர்க்கிறது என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பூங்காவில் உட்கார்ந்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். 2025இல் தமிழ்நாட்டு அரசு நல விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தது, நல்லது. ஆனாலும் சேருமுன் நேரில் போய்த் தண்ணீரையும் கழிப்பறையையும் பாருங்கள்.

வெளியே அறை தேடுகிறவர்களுக்கு ஒன்று. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு எந்தப் பகுதியிலும் வீடெடுத்துக் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதையும், 5ஆம் பிரிவு பொது மாணவர் விடுதியில் சேர்க்க மறுப்பதையும் குற்றமாக்குகின்றன. பட்டியல் சாதியினருக்கு எதிராக அந்தச் செயல் நடந்திருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு.

போன வருடம் ஒரு தம்பி, "வேற தெரு பேரு சொல்லிடட்டுமாண்ணா?" என்று கேட்டான். தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பரோடாவில் பாபாசாகேபும் வேறு பெயரில்தானே தங்கினார்? பதினோராம் நாள் நடந்ததையும் சொன்னோம். விடுதியில் சேர்ந்தான். இந்த வருடம் மூன்று நண்பர்களோடு வெளியே அறை பார்க்கிறான், எங்களையும் கூட வரச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.