ஓர்க்காத் திமிங்கிலங்களும் காட்சித்தொட்டிகளும்

டால்பின் குடும்பத்திலேயே பெரிய இனம் ஓர்க்கா. ஆண் எட்டு மீட்டர் வரை வளரும். தாயைச் சுற்றி அமைந்த கூட்டமாக வாழ்கிறது. பசிபிக்கின் வடகிழக்குக் கரையில் சால்மன் உண்டு வாழும் கூட்டங்களில் மகன் சாகும்வரை தாயை விட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்த ஒலிவழக்கு உண்டு. ‘கொலைத் திமிங்கிலம்’ என்று பெயர் எடுத்தாலும், கடலில் திரியும் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. தொட்டியில் அடைபட்டவை நான்கு பேரைக் கொன்றிருக்கின்றன. மீன்காட்சியகங்களில் விலங்குகளை வைத்திருப்பது முறையா என்ற விவாதத்தில் இந்த விலங்கு நடுநாயகமாக நிற்பதற்கு அதன் அறுபது ஆண்டுக்கால வரலாறே காரணம்.

1961 நவம்பரில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுகத்துக்குள் வழிதவறி வந்த ஓர்க்கா ஒன்றை அந்த மாநிலத்தின் மரைன்லேண்ட் காட்சியகத்தார் பிடித்தார்கள். இரண்டே நாளில் அது இறந்தது. அன்றைக்கு அதற்காக யாரும் பெரிதாக வருந்தவில்லை. சால்மன் மீனவர்கள் இவ்வினத்தைப் பங்காளிப் பகையோடு பார்த்தார்கள். கண்ட இடத்தில் சுட்டார்கள். கனடாவின் மீன்வளத் துறையே 1960களின் தொடக்கத்தில் சீமோர் நீரிணைக் கரையில் ஓர்க்காக்களுக்காக இயந்திரத் துப்பாக்கி ஒன்றை நிறுவியது. அது கடைசிவரை சுடவில்லை என்பது வேறு கதை.

திருப்பம் தற்செயலாக வந்தது. 1964 ஜூலையில் வான்கூவர் மீன்காட்சியகம் ஓர் ஓர்க்காச் சிலை செய்ய விரும்பி, மாதிரிக்காக ஒன்றைக் கொன்று வரும்படி சாமுவேல் பூரிச் என்ற சிற்பியை அனுப்பியது. சாட்டர்னா தீவருகே அவர் எய்த ஈட்டி பாய்ந்தும் விலங்கு சாகவில்லை. கூட்டத்து ஓர்க்காக்கள் அதைத் தாங்கி நீர்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தன. கொல்ல மனம் வராமல், ஈட்டிக் கயிற்றோடே அதை வான்கூவருக்கு இழுத்துவந்தார்கள். மோபி டால் என்று பெண்பெயர் சூட்டினார்கள். இறந்தபின்தான் ஆண் என்று தெரிந்தது. வாரக்கணக்கில் உண்ணாமல் கிடந்து, மூன்று மாதத்துக்குள் செத்தது. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில், பூதம் என்று அஞ்சப்பட்ட விலங்கு கையிலிருந்து மீன் வாங்கித் தின்றதை உலகம் பார்த்துவிட்டது.

அடுத்த ஆண்டே சந்தை பிறந்தது. சியாட்டிலில் காட்சியகம் நடத்திய டெட் கிரிஃபின், நாமு என்ற ஊருக்கருகே மீன்வலையில் சிக்கிய ஓர் ஆணை 8,000 டாலருக்கு வாங்கி, மிதக்கும் கூண்டில் வைத்துத் தெற்கே இழுத்துவந்தார். அதோடு நீந்தினார், அதன் முதுகில் ஏறினார். நாமு ஓராண்டில் இறந்தது. 1965 அக்டோபரில் அவருடைய குழு பிடித்த ஷாமு என்ற குட்டி சான் டியேகோவின் சீவேர்ல்டுக்குப் போனது. அதைப் பிடிக்கும்போது தாய் ஈட்டிக்கு இரையானது. ஷாமு 1971இல் இறந்தபிறகும் பெயர் சாகவில்லை. அடுத்தடுத்து வந்த ஓர்க்காக்கள் அதே பெயரில் மேடையேறின. ஒன்றின் மரணம் பார்வையாளருக்குத் தெரியாமலே போக இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

இந்த வணிகத்தின் கொடூரம் முழுதாக வெளிப்பட்டது 1970 ஆகஸ்டில், வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் குடாவில். விமானம், விசைப்படகு, வெடிகள் கொண்டு ஏறத்தாழ 80 ஓர்க்காக்களை வளைத்தார்கள். விலைபோவது குட்டிகள்தான் என்பதால் அவற்றைத் தாயிடமிருந்து பிரித்தார்கள், ஏழு விற்கப்பட்டன. வலையில் சிக்கி மூழ்கியவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லும் நங்கூரமும் கட்டி ஆழத்தில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் சில உடல்கள் கரை ஒதுங்கின; ஊருக்கு உண்மை தெரிந்தது. 1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1976இல் ஒலிம்பியா நகரருகே நடந்த பிடிப்பை ஆளுநரின் உதவியாளர் ஒருவர் படகிலிருந்து நேரில் பார்க்க, மாநில அரசே வழக்குத் தொடுத்தது. வாஷிங்டன் கடலில் வேட்டை முடிந்தது. வணிகர்கள் ஐஸ்லாந்துக்குப் போனார்கள்.

காட்சியகங்கள் தங்கள் தரப்புக்குச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: தொட்டி இல்லாவிட்டால் மக்கள் இந்த விலங்கை இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். 1964 முதல் ஏழெட்டு ஆண்டுகளுக்கு இது உண்மைதான், மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதற்குமேல் அந்த வாதத்தை இழுக்க முடியாது. கனடிய ஆய்வாளர் மைக்கேல் பிக் 1970களில் முதுகுத் துடுப்பின் வடுக்களையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டையும் படமெடுத்து ஒவ்வோர் ஓர்க்காவையும் தனித்தனியாக அடையாளம் கண்டார். ஆயிரக்கணக்கில் இருப்பதாக நம்பப்பட்டவை சில நூறுதான் என்று தெரிந்தது. குடும்ப அமைப்பு, ஒலிவழக்கு பற்றிய அறிவு வளர்ந்ததும் படகில் கேமராவோடும் ஒலிவாங்கியோடும் கிடந்தவர்களால்தான். வேட்டையில் அதிகம் இழந்த, வாஷிங்டன் கடலுக்கு வரும் தெற்குக் கூட்டங்கள் இன்னும் மீளவில்லை. 2005இல் அவை அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தன. இன்று எண்ணிக்கை எழுபத்துச் சொச்சம்தான். சினூக் சால்மன் குறைந்ததும் கடல் மாசும் இதற்குக் காரணமென்றாலும், ஒரு தலைமுறைக் குட்டிகள் பறிபோன இழப்பு அவற்றுக்கு முந்தியது.

ஐஸ்லாந்தில் பிடிபட்டவற்றுள் இரண்டு பெயர் பெற்றவை. 1983இல் பிடிபட்ட திலிக்கம் மூன்று மரணங்களில் தொடர்புடையது. கடைசியாக 2010 பிப்ரவரியில் ஆர்லாண்டோ சீவேர்ல்டின் மூத்த பயிற்சியாளர் டான் பிராஞ்சோவைக் கொன்றது. நிகழ்ச்சியின்போது பயிற்சியாளர் விலங்கோடு நீரில் இறங்குவதை அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை தடுத்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பு சாதித்ததை அதுவரை விலங்கின் பெயரால் போட்ட வழக்குகள் சாதிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2013இல் வந்த ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் பார்வையாளரின் மனத்தை மாற்றியது. 2016 மார்ச்சில் இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீவேர்ல்டு அறிவித்தது.

மற்றது கெய்க்கோ. 1993இல் வந்த ‘ஃப்ரீ வில்லி’ படத்தில் விடுதலை பெறும் ஓர்க்காவாக நடித்தபோது, அது மெக்சிகோ நகரத்தில் சிறிய தொட்டியொன்றில் தோல்நோயோடு கிடந்தது. குழந்தைகள் பணம் அனுப்பினார்கள். கெய்க்கோ 1998இல் ஐஸ்லாந்துக் கடலுக்குத் திரும்பியது. 2002இல் தானே நார்வே வரை நீந்தியது. அங்கே தேடிப்போனது மனிதரைத்தான். காட்டு ஓர்க்காக் கூட்டம் எதிலும் சேராமல் 2003 டிசம்பரில் இறந்தது. விடுவித்தது தவறு என்பார் உண்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் குடும்பத்தை இழந்ததற்கு ஈடு கிடையாது என்பதைத்தான் அது காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

பென் கோவ் குடாவில் பிடிபட்ட தோக்கிட்டே, மயாமியில் லோலிட்டா என்ற பெயரில் 24 மீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்திலும் ஆறு மீட்டரே ஆழமும் கொண்ட தொட்டியில் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தது. துணையாக இருந்த ஹியூகோ 1980இல் இறந்தபின் அங்கே வேறு ஓர்க்கா இல்லை. லம்மி பழங்குடியினர் அதைத் தங்கள் உறவாகக் கருதித் திரும்பக் கேட்டார்கள். கடலுக்கு அனுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், 2023 ஆகஸ்டில், அது இறந்தது.

இந்தியாவில் ஓர்க்காக் காட்சி நடந்ததில்லை. 1990களின் இறுதியில் சென்னையருகே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றுக்கு பல்கேரியாவிலிருந்து வந்த டால்பின்கள் சில மாதங்களில் இறந்தன. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றது. டால்பினை மனிதரல்லாத ‘நபர்’ என்று இந்தியா அறிவித்துவிட்டதாக இணையத்தில் சுற்றும் செய்தி சரியல்ல. அப்படிச் சில அறிவியலாளர்கள் கருதுவதாகத்தான் ஆணையத்தின் சுற்றறிக்கை சொன்னது.

2019இல் கனடாவும் 2021இல் பிரான்சும் திமிங்கிலக் காட்சிக்கு எதிராகச் சட்டம் இயற்றின. சீனாவிலோ புதிய ஓர்க்கா அரங்குகள் திறக்கப்பட்டிருக்கின்றன. பிரான்சின் ஆந்தீப் நகரப் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டபோது விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் அங்கே எஞ்சின. இரண்டும் தொட்டியிலேயே பிறந்தவை. திறந்த கடலில் விட முடியாது. ஜப்பானுக்கு அனுப்பும் யோசனையைப் பிரெஞ்சு அரசு மறுத்தது. டெனெரீஃப் தீவுப் பூங்காவுக்கு அனுப்பும் யோசனையை, அங்குள்ள வசதிகள் போதாதென்று ஸ்பெயினின் அறிவியல் அமைப்பு நிராகரித்தது. வேலியிட்ட கடற்குடாச் சரணாலயம் வேண்டுமென்று ஆர்வலர்கள் கேட்டார்கள்; அப்படி ஓர் இடம் அப்போது ஓர்க்காவுக்கென எங்கும் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை.