நெடிய அலைகளில் தெரிந்த ஆகாச கங்கை

கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் துணைகொண்டு ஆகாச கங்கையின் அமைப்பை வரைய முற்பட்ட வானநூலார் யாவரும், அதன் நடுப்பகுதி இருக்கும் தனுர் ராசித் திசையில் அடர்ந்து கிடக்கும் தூசு மேகங்களின் முன்னே வந்து வழி அடைபட்டு நின்றார்கள். அந்தத் தூசை ஊடுருவி வரவல்லவை ரேடியோ அலைகள். அவற்றுள்ளும் பல மீட்டர் நீளமுள்ள அலைகள் நம் நட்சத்திர மண்டலத்தின் முற்றிலும் வேறான ஒரு ரூபத்தைக் காட்டித் தந்த வரலாற்றிலே தென்னிந்தியப் பீடபூமிக்கும் ஓர் உரிமை உண்டு.

வரலாறு தொடங்குவது அமெரிக்காவில், நியூஜெர்ஸி மாகாணத்து ஹோம்டெல் என்னும் சிற்றூரில். கடல் கடந்து நடக்கும் ரேடியோ டெலிபோன் பேச்சிலே குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும்படி, பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியியலறிஞரைப் பணித்திருந்தார்கள். மரச்சட்டங்களின் மேல் பித்தளைக் குழாய்களைப் பொருத்தி, ஃபோர்டு மோட்டார் வண்டியின் சக்கரங்கள் நான்கின்மேல் அந்தச் சட்டத்தை ஏற்றி, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவரும்படி அவர் ஓர் ஏரியலை அமைத்தார். 1931 முதல் 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டுவந்த அவருக்கு, அருகில் இடிக்கும் இடியும் தொலைவில் இடிக்கும் இடியும் விளங்கிவிட்டன. ஆனால் இவ்விரண்டிலும் சேராமல், சீறுவது போன்ற மெல்லிய ஒலி ஒன்று மட்டும் இடைவிடாது மிஞ்சி நின்றது. முதலில் அதைச் சூரியனிலிருந்து வருவதென்றே அவர் எண்ணினார். மாதங்கள் செல்லச் செல்ல, அவ்வொலி உச்சத்தை அடையும் வேளை நாள்தோறும் 4 நிமிஷம் முந்திக்கொண்டே போவதைக் கண்டபோதுதான், அதன் காலக்கணக்கு சூரியனுடையது அன்று, நட்சத்திரங்களுடையது என்பது நிச்சயமாயிற்று. ஒலி மிகுந்திருந்த திசையோ தனுர் ராசி. 1933-இல் இதை உலகுக்கு அறிவித்த ஜான்ஸ்கி பின்னர் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டு, தாம் திறந்த வாயிலில் பிறர் நுழைவதை அதிகம் பாராமலே 1950-இல், 44-ஆம் வயதில் காலமானார். விஞ்ஞான சரித்திரத்தில் இதைவிட மனத்தை வருத்தும் விஷயங்கள் சிலவே உண்டு.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர முன்வந்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று. இல்லினாய் மாகாணத்து வீட்டன் என்ற ஊரில் வாழ்ந்த குரோட் ரீபர் என்ற தனி மனிதர். 1937-இல் சொந்தப் பணத்தைச் செலவிட்டுத் தம் வீட்டை ஒட்டிய நிலத்தில் 31 அடி விட்டமுள்ள கிண்ண வடிவான ஏரியல் ஒன்றை அவர் எழுப்பினார். சூடான எப்பொருளும் குறுகிய அலைகளிலேதான் மிகுதியாக ஒலிபரப்பும் என்ற அக்காலத்துக் கொள்கையை நம்பி, முதலில் 9 சென்டிமீட்டர் அலையிலும், அடுத்து 33 சென்டிமீட்டர் அலையிலும் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. 1.87 மீட்டர் அலைக்கு இறங்கிய பிறகே ஆகாச கங்கை அவருக்குக் கேட்டது. பகலில் மோட்டார் வண்டிகளின் பொறிகள் கிளப்பும் இரைச்சல் தொல்லை தந்ததால் நள்ளிரவுக்குப் பின் விழித்திருந்து அவர் அளந்து வரைந்த சமகோட்டுப் படம் 1944-இல் வெளியாயிற்று. நம் மண்டலத்துக்கு மனிதன் வரைந்த முதல் ரேடியோ படங்களுள் அது ஒன்று.

அலை நீளமாக நீளமாக ஒலி வலுக்கிறது என்றால் அது வெப்பத்தால் பிறப்பதாக இருக்க இயலாது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் எலெக்ட்ரான்கள் மண்டலத்தின் காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும்போது எழுவதே அது என்ற விளக்கம் 1950-ஐ ஒட்டி உருவாயிற்று. இன்னும் நீண்ட அலைகளுக்குப் போனால் நேர்வதோ விசித்திரமானது. சிட்னிக்கு அருகே ஃபிளர்ஸ் என்னுமிடத்தில் அலெக்ஸ் ஷெயின் 19.7 மெகாஹெர்ட்ஸில் எடுத்த படத்தில், பிரகாசமாக இருந்திருக்க வேண்டிய மண்டலத்தின் நடுக்கோடு இருண்ட பட்டையாக விழுந்தது. இளம் நட்சத்திரங்களின் வெம்மையால் அயனியான ஹைட்ரஜன் மேகங்கள், தமக்குப் பின்னாலிருந்து வரும் நெடிய அலைகளை விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம். விளக்கேற்றிய வாசலை மறித்து ஒருவர் நின்றால் அவருடைய உருவம் கறுப்பாகத் தெரிவது போல. மேகத்தின் தூரம் தெரிந்தால், மறைவின் மேல் எஞ்சி வரும் ஒலி முழுவதும் நமக்கும் மேகத்துக்கும் இடையிலேயே பிறந்ததென்று கணக்கிடலாம். ஆகையால் இருட்டும் இங்கே ஓர் அளவுகோலாயிற்று. ஷெயின் இந்தப் படம் வெளிவருமுன்னரே மறைந்தார். 1961-இல் உடன் உழைத்தவர்கள் அதை வெளியிட்டார்கள்.

இப்போது பூகோளத்தைக் கவனிக்க வேண்டும். மண்டலத்தின் மையம் வான நடுக்கோட்டுக்கு 29 பாகை தெற்கே உள்ளது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து நோக்கினால் அது தொடுவானத்துக்கு மேலே 9 பாகைக்கு அதிகமாக எழாது. பெங்களூருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள கௌரிபிதனூரில் அதுவே 47 பாகை உயரத்துக்கு ஏறி வரும்; வடதிசை வானமும் பெரும்பகுதி அங்கிருந்து காணக் கிடைக்கும். இந்த அனுகூலத்தை உணர்ந்தவர்களே இந்திய வான்பௌதிகக் கழகமும் ராமன் ஆராய்ச்சிக் கழகமும். இரு நிறுவனங்களும் சேர்ந்து 1970-களில் அங்கே 34.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு தொலைநோக்கி அமைத்தன. அதிலே கண்ணாடியும் இல்லை, கிண்ணமும் இல்லை; கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1.4 கிலோமீட்டரும், அதன் நடுவிலிருந்து தெற்கே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டரும் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வரிசை வரிசையாக நின்ற இருமுனை ஏரியல்கள் ஆயிரமே அந்தத் தொலைநோக்கி. அலையின் நீளம் 8.7 மீட்டராகையால், இத்தனை பரப்பில் விரிந்தும் அதன் கூர்மை ஏறக்குறைய பூரண சந்திரனின் அகலத்தின் அளவே. அந்தக் கருவியைக் கொண்டு கே. எஸ். துவாரகாநாத்தும் என். உதய சங்கரும் தெற்கே 50 பாகையிலிருந்து வடக்கே 70 பாகை வரை வானத்தை அளந்து 1990-இல் வெளியிட்ட படம், 30 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைவரிசைகளில் மண்டலத்தை ஆராய்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் மூலப்படம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. உதகைக்கு அருகே முத்தோரையில், அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒத்த சாய்வுடைய மலைச்சரிவைத் தேர்ந்து, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுப்பப்பட்ட 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970-இல் செயற்படத் தொடங்கியது. சந்திரன் மறைக்கும் தூரத்து மூலங்களை அளப்பதே அதன் முதல் நோக்கமாயினும், கே. ஆர். அனந்தராமையா அதே கருவியைக் கொண்டு 1985-இல் மண்டலத்தின் நடுக்கோட்டை ஆராய்ந்து, அயனியான ஹைட்ரஜன் பிரகாசமான மேகங்களுக்கு அப்பாலும் மெல்லியதாய்ப் பரவிக் கிடப்பதைக் காட்டினார். பிற்காலத்தில் புனேக்கு வடக்கே எழுந்த 30 பெருங்கிண்ணங்களின் வரிசை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் பத்தில் ஒன்பது பங்கை அளந்து தந்தது. அதன் பட்டியலில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மூலங்கள் உண்டு.

நெடிய அலைகளின் வரலாற்றை எழுதுவோர் ஹோம்டெல்லையும் வீட்டனையும் ஃபிளர்ஸையும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. கௌரிபிதனூரும் முத்தோரையும் அதே வரிசையில் வைத்துச் சொல்லத்தக்க ஸ்தலங்கள்.