தெருக்கூத்தில் துரியோதனனும் துச்சாதனனும்

தருமபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தின் எதிர்நாயகர்கள் இவர்கள். துரியோதனன் சில்லறை வில்லன் அல்லன், அரசன். சிவந்த முகப்பூச்சு, முறுக்கு மீசை, மரக்கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கீர்த்தி. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னே நின்று தன் பெருமையைப் பாடுவான். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனைக் கேள்வி கேட்டுக் கேலியும் செய்வான். ஆணவம் அங்கேயே அடிவாங்கத் தொடங்கிவிடும்.

துகிலுரிதல் இரவு இன்னும் உக்கிரமானது. துச்சாதனனாக ஆடுபவர் திரௌபதியின் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவது பல ஊர்களில் வழக்கம். சில சமயம் நடிகருக்கே அருள் வந்து ஆட்டம் நிற்கும். கொடுமையை நடிப்பதும் பாரமான செயல் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஏற்கும் நாடக மரபு அரிது.

பதினெட்டாம் நாள் போரன்று படுகளம். துரியோதனனின் பிரம்மாண்ட மண்ணுருவம் திடலில் மல்லாந்து கிடக்கும். வீமன் வேடதாரி தொடையைப் பிளக்க, அதில் வைத்த சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டு, சபதப்படி விரித்திருந்த கூந்தலை முடிவாள். பெண்கள் முறத்தோடும் துடைப்பத்தோடும் வந்து ஒப்பாரி வைக்கும் ஊர்களும் உண்டு. அந்த அழுகை தோற்ற அரசனுக்கானது.