'வீட்டிலிருந்தே தினமும் ரூ.3,000'... லைக் போடும் முன் இதைப் படிங்க!

"வணக்கம் மேடம், எச்.ஆர். டிபார்ட்மென்ட்ல இருந்து பேசுறேன். பார்ட் டைம் வேலை இருக்கு. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டா போதும், ஒரு லைக்குக்கு 50 ரூபாய்."

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். இது உண்மையான வேலையா, மோசடியா? எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் போய்விட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆரணி தறி சொல்லும் கணக்கு

வீட்டிலிருந்து வேலை என்பது கொரோனா காலத்தில் வந்த புது விஷயம் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் பட்டு நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்துதான் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே தறி. ஒருவர் நெய்தால் இன்னொருவர் தார் சுற்றுவார். குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் ஒரு சேலை.

கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்குப் பட்டு நூலும் ஜரிகையும் எங்கிருந்து வருகின்றன? கூட்டுறவு சங்கமோ, நெய்யக் கொடுக்கும் முதலாளியோ தருவார்கள். சேலையை நெய்து கொடுத்தால் கூலி. "நூல் வேணும்னா முதல்ல 5,000 ரூபாய் கட்டு" என்று கூலி நெசவாளரிடம் யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் முதலாளிதான் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பார்.

இந்தக் கணக்கு எல்லா வேலைக்கும் பொருந்தும். வேலை கொடுப்பவரிடம் இருந்து வேலை செய்பவருக்குத்தான் பணம் வர வேண்டும். உங்களிடம் இருந்து பணம் கேட்டால், அது வேலையே இல்லை. எத்தனை புதுப் பெயரில் வந்தாலும் எல்லா ஆன்லைன் வேலை மோசடியும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

யாரைக் குறிவைக்கிறார்கள்?

2023 டிசம்பரில், பகுதிநேர வேலை மற்றும் முதலீடு என்ற பெயரில் மோசடி செய்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் பரிந்துரையில் எடுக்கப்பட்ட நடவடிக்கை இது. பணி ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரைத்தான் இந்தக் கும்பல்கள் அதிகம் குறிவைப்பதாக அமைச்சகம் அப்போது கூறியது. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' போன்ற வார்த்தைகளை வைத்து கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் பல மொழிகளில் விளம்பரம் கொடுத்துள்ளனர். இயக்கியவர்கள் வெளிநாட்டில் இருந்தவர்கள்.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஆர்டர் குறைந்து, கூலி போதாமல், "கூட ஏதாவது வேலை கிடைச்சா நல்லா இருக்குமே" என்று நினைக்கும் குடும்பங்கள் நெசவு ஊர்களில் நிறைய. அந்தத் தேவைதான் மோசடிக்காரனுக்கு முதலீடு. பேராசைக்காரர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கஷ்டத்தில் இருப்பவர்கள்தான் முதலில் சிக்குகிறார்கள்.

மோசடி எப்படி நடக்கும்?

1. முதலில் வாட்ஸ்அப்பில் மெசேஜ். பதில் போட்டதும் டெலிகிராம் குழுவுக்கு மாற்றுவார்கள்.

2. மூன்று வீடியோவுக்கு லைக், இரண்டு ஹோட்டலுக்கு கூகுள் மேப்பில் 5 ஸ்டார். செய்து முடித்தால் 150 அல்லது 200 ரூபாய் நிஜமாகவே உங்கள் அக்கவுண்டுக்கு வரும்.

3. அடுத்தது 'ப்ரீபெய்டு டாஸ்க்'. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும் என்பார்கள். முதல் தடவை அதுவும் வரும்.

4. பிறகு 5,000, 20,000, 50,000 என்று தொகை ஏறும். அவர்கள் கொடுத்த இணையதளத்தில் உங்கள் பெயரில் லட்சக்கணக்கில் இருப்பு காட்டும். அது வெறும் திரையில் தெரியும் எண். அங்கே பணம் கிடையாது.

5. எடுக்கப் போனால் எடுக்க முடியாது. "டாஸ்க்ல தப்பு பண்ணிட்டீங்க", "வரி கட்டணும்", "உங்க ஸ்கோர் குறைஞ்சிடுச்சு" என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே போட்ட பணத்தை மீட்க வேண்டும் என்ற தவிப்பில் நகையை அடகு வைத்தும், கடன் வாங்கியும் கட்டுகிறவர்கள் இங்கேதான் பெரிதாக இழக்கிறார்கள்.

குழுவில் "எனக்கு 40 ஆயிரம் வந்துடுச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்களே, அவர்கள் பெரும்பாலும் அதே கும்பலின் ஆட்கள்.

'எனக்குப் பணம் வந்துச்சே!'

மோசடிக்காரனின் பெரிய ஆயுதமே அந்த முதல் 150 ரூபாய்தான். தூண்டிலில் மாட்டும் புழு மாதிரி. பணம் வந்ததால் அது உண்மையான வேலை ஆகிவிடாது.

இதைப் புரிந்துகொள்ள தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. செல்போனில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொல்லி, கட்டணம் வாங்கி உறுப்பினர்களைச் சேர்த்த கோவை மைவி3 ஆட்ஸ் நிறுவனம் மீது 2024 ஜனவரியில் போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். அதே மாதம் 29-ம் தேதி நீலாம்பூர் அருகே ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் திரண்டார்கள். புகார் கொடுக்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக! வழக்கில் முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால், கொஞ்சம் பணம் கைக்கு வந்துவிட்டால் நம்பிக்கை எவ்வளவு இறுகிவிடும் என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி.

வேறு வேஷங்களும் உண்டு

* பென்சில் பேக்கிங்: பிரபல கம்பெனி பெயரில் மாதம் 30 ஆயிரம் சம்பளம் என்பார்கள். பதிவுக் கட்டணம், ஐடி கார்டு, கூரியர் செலவு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பென்சில் வராது.

* டேட்டா என்ட்ரி: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். டைப் செய்து அனுப்பியதும், "நிறைய பிழை இருக்கு, அபராதம் கட்டு, இல்லைன்னா கேஸ்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். பயந்து கட்ட வைப்பதுதான் நோக்கம்.

* அக்கவுண்ட் வாடகை: "உங்க பேங்க் அக்கவுண்டை மட்டும் குடுங்க, கமிஷன் தர்றோம்" என்பார்கள். இதுதான் ரொம்ப ஆபத்து. வேறு யாரிடமோ திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

பணம் கட்டும் முன் 5 கேள்விகள்

1. வேலை தருகிறேன் என்பவர், எந்தப் பெயரிலாவது என்னிடம் பணம் கேட்கிறாரா?

2. விண்ணப்பமே போடாத என்னை எப்படித் தேர்வு செய்தார்கள்?

3. ஒரு லைக்குக்கு 50 ரூபாய் கொடுத்தால் அவர்களுக்கு என்ன லாபம்?

4. யுபிஐயில் காட்டும் பெயர் கம்பெனி பெயரா, யாரோ ஒரு தனிநபர் பெயரா? தினமும் வேறு வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

5. "வீட்ல யாருக்கும் சொல்லாதீங்க", "10 நிமிஷத்துல கட்டணும்" என்று அவசரப்படுத்துகிறார்களா?

இதில் ஒன்றே ஒன்று இடித்தாலும் போதும். பிளாக் செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே இதைச் செய்யுங்கள்

1930: சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவு நல்லது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் போலீஸைத் தேடி பஸ் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் போன், பிறகு நேரில்.

ஆன்லைன் புகார்: சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

ஆதாரம்: கோபத்தில் சாட்டை டெலிட் செய்துவிடாதீர்கள். டெலிகிராம் ஐடி, போன் நம்பர், யுபிஐ ஐடி, பணம் அனுப்பிய ஒவ்வொரு தடவைக்குமான யுடிஆர் எண் எல்லாம் வேண்டும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது மோசடி: "போன பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று வருபவர்களும் அதே ரகம்தான். 1930 புகாருக்குக் கட்டணம் கிடையாது.

நிஜமான வேலை எங்கே தேடுவது?

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களிலும் கட்டணம் இல்லை. ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், அவர் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல், அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்குள்ள எண்ணில் கேளுங்கள்.

ஏமாந்தவர்களில் பலர் வெட்கப்பட்டு வீட்டில் சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் அடுத்தடுத்த தவணையையும் கட்ட வைக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி மாட்டியிருப்பது தெரிந்தால், "ஏன் கட்டுன?" என்று திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் 1930-க்கு போன் போடுங்கள்.