வெளிப்புற மரப்பூச்சு

வெளிப்புற மரப்பூச்சு என்பது வெயிலும் மழையும் படும் கதவு, சன்னல், மர ஓடு முதலியவற்றைக் காக்கப் பூசப்படும் பொருளாகும். புற ஊதாக் கதிர்கள் மரத்திலுள்ள லிக்னினைச் சிதைப்பதால், பூச்சில்லாத மரம் நாளடைவில் சாம்பல் நிறமடைகிறது.

இது இருவகைப்படும். பெயின்ட் எனப்படும் வண்ணப்பூச்சு மரத்தின் மேல் படலமாகப் படிந்து கதிர்களை நன்கு தடுக்கிறது. ஆயினும் அடியில் ஈரம் புகுந்தால் உரியும், சுரண்டிய பின்னரே மீண்டும் பூச இயலும். ஸ்டெயின் எனப்படும் மரச்சாயம் இழைகளுக்குள் ஊறுகிறது. விரைவில் மங்கினாலும் பெரும்பாலும் உரிவதில்லை, தூய்மை செய்து மீண்டும் பூசலாம்.

வட அமெரிக்காவின் செந்தேவதாரு மர ஓடுகளில் உள்ள சாறு நீரில் கரைந்து, வெளிர்நிறப் பூச்சில் பழுப்புக் கறையாகத் தோன்றும். இதைத் தடுக்கக் கறைதடுப்பு அடிப்பூச்சு தேவை.

தமிழ்நாட்டில் ஏசியன் பெயின்ட்சு நிறுவனம் 2005 இல் திருப்பெரும்புதூரில் வண்ணப்பூச்சு ஆலையைத் தொடங்கியது. இப்பகுதியில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மரம் நன்கு உலர்ந்திருக்கையில் பூசுதல் நன்று.