ஐயாயிரத்தில் ஒன்று

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், தென்பெண்ணை ஆறு கரை மீறி எங்கள் ஊரான சோரியாங்குப்பத்துக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் நிலப்பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் மாடியில் பரப்பிக் கல் வைத்துக் காயப்போட்டோம். ஈரத்தாள் ஒன்றை மற்றொன்றிலிருந்து கிழியாமல் பிரிக்கும்போது, எங்கோ வங்காளத்தில் ஒரு குடும்பம் காப்பாற்றி வைத்திருந்த புத்தகம்தான் மனசில் ஓடியது.

அதன் பெயர் ‘ஹங்ரி பெங்கால்’. பசித்த வங்காளம். அதற்கும் தொடக்கம் ஒரு புயல்தான். 1942 அக்டோபர் 16 அன்று மிதுனபுரி மாவட்டக் கடற்கரையைப் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. அந்த வருஷம் பர்மா ஜப்பான் வசம் போய், பர்மா அரிசி ஏற்கெனவே நின்றிருந்தது. ஜப்பான்காரன் வந்தால் கைக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கடலோரத்து நெல்லை வாங்கி அப்புறப்படுத்தியது; பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பறித்தது. படகு போனால் ஆற்றங்கரைக்காரனுக்கு என்ன மிஞ்சும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் செத்தார்கள். ‘பஞ்சம்’ என்று முறைப்படி அறிவிக்க மட்டும் அரசு கடைசிவரை மறுத்தது.

1943 நவம்பரில் அந்த மிதுனபுரிக்குத்தான் புத்தகத்தை உருவாக்கிய ஓவியர் சித்தபிரசாத் போனார். 1915-இல் நைஹாட்டியில் பிறந்தவர். அந்த ஊருக்கு எதிரே, ஹூக்ளியின் அக்கரையில் சற்றுத் தெற்கே, நம் புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த சந்திரநாகூர். தாமாகவே படம் பழகியவர். பட்டாச்சார்யா என்ற சாதிப் பின்னொட்டை உதறியவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாசிச எதிர்ப்புச் சுவரொட்டிகளும் கேலிச்சித்திரங்களும் வரைந்துகொண்டிருந்தவரைக் கட்சி பஞ்சத்தைப் பார்த்துவரச் சொன்னது.

கேலிச்சித்திரக்காரருக்கு எல்லாரும் ஒரு வகைதான்: தொப்பை வைத்தவன் பதுக்கல்காரன், தொப்பி வைத்தவன் துரை. பஞ்சப் படங்களிலும் அப்படியே ஆகிவிடும். எலும்பும் திருவோடும் வரைந்தால் போதும், முகம் வேண்டாம். சித்தபிரசாத் அங்கே கையை மாற்றினார். கறுப்பு மையில், அழுத்தமான தூரிகைக் கோடுகளில், ஒவ்வொருவரையும் தனி ஆளாக வரைந்தார். பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எழுதிக்கொண்டார். பிணத்தைக்கூடப் பெயர் சொல்லித்தான் வரைந்தார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். முப்பது லட்சம் என்பது மனசில் நிற்காத கணக்கு. ஒரு பெயர் நிற்கும்.

அவர் படங்களும் குறிப்புகளும் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ இதழில் வந்தன. மிதுனபுரிப் பயணம் இருபத்திரண்டு படங்களோடு தனிப் புத்தகமானது. அச்சடித்தது ஐயாயிரம் பிரதி. அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது.

ஒன்று மட்டும் தப்பியது. சித்தபிரசாத்தின் குடும்பத்தார் அதை வங்கி லாக்கரில் வைத்தார்கள். நாம் தாலிக்கொடியும் பத்திரமும் வைக்கிற இடம். அவர்கள் அங்கே வைத்தது பட்டினி கிடந்தவர்களின் முகங்களை. புத்தகம் இருட்டில் இருந்த அந்தக் காலத்தில் அவர் பம்பாய் அந்தேரியில் வறுமையோடு வாழ்ந்தார். கட்சியை விட்டு விலகினார். லினோலியத்தில் செதுக்கி, வேலைக்குப் போகும் குழந்தைகளைப் படமாக்கினார். சேரிப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டினார். 1978-இல் கல்கத்தாவில் காலமானார். புத்தகம் மறுபடி வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. 2011-இல்தான் டெல்லி கலைக்கூடம் ஒன்று, லாக்கரிலிருந்த பிரதியை வைத்து அச்சு அசலாக நகல் பதிப்பு கொண்டுவந்தது.

அதிலுள்ள படங்கள் சில என் செல்போனில் இருந்தன. தாள்கள் காயும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருப்பா இது?”

கீழே பெயர் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

“எந்த ஊராம்?” என்று கேட்டார்.